முட்டை வடிவ செராமிக் அடுப்பு: வாங்கலாமா, வேண்டாமா?

வாசகர் கேள்வி – பதில்

''வணக்கம் ஐயா. எங்களுக்கு உத்திரமேரூர் பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் நிலம். ஏரிப் பாசனம். நெல்லும், தண்ணீர் குறைந்தால் வேர்க்கடலையும் போடுகிறோம். வீட்டில் நாற்பது நாட்டுக்கோழி இருக்கிறது. மகன் கேட்டரிங் படித்துவிட்டு ஓரகடத்தில் ஒப்பந்த வேலையில் இருந்தான். ஒப்பந்தம் முடிந்து வீட்டில் இருக்கிறான். சனி, ஞாயிறு மாலையில் சாலையோரம் சுட்ட கோழி விற்கலாம் என்கிறான். அதற்கு முட்டை மாதிரி இருக்கும் செராமிக் கரி அடுப்பு ஒன்றை ஆன்லைனில் பார்த்து வைத்திருக்கிறான். 13 அங்குலம், விலை 16,000 ரூபாய். இதுதான் இருப்பதிலேயே விலை குறைவானது, கரியும் மிச்சமாகும் என்கிறான். எங்கள் ஊர் வெல்டிங் பட்டறையில் பீப்பாயை வெட்டிச் செய்தால் 4,500 ரூபாய் கேட்கிறார்கள். கரி கிலோ 45 ரூபாய். ஒரு கோழி 450 ரூபாய்க்கு விற்றால், கரி தவிர மற்ற செலவெல்லாம் போக 120 ரூபாய் நிற்கும் என்பது அவன் கணக்கு. நெல் போட்ட பணத்தில் 20,000 ரூபாய் கையில் இருக்கிறது. அடுத்த பட்டத்துக்கு உழவு, விதை, உரம் எல்லாம் அதில்தான். வாங்கலாமா?''

- வாசகி, உத்திரமேரூர் வட்டம்.

உங்கள் மகன் சொல்வதில் பாதி சரி. செராமிக் அடுப்பு கரியை மிச்சப்படுத்தும், உண்மைதான். ஆனால், நீங்கள் நினைக்கும் தொழிலுக்கு அந்த 13 அங்குல அடுப்பு பொருந்தாது. அடுத்த பட்டத்துக்கான பணத்தை அதில் போட வேண்டாம். ஏன் என்பதை விளக்கமாகச் சொல்கிறேன். வீட்டு உபயோகத்துக்கு வாங்க நினைக்கும் மற்ற வாசகர்களுக்கும் இது பயன்படும்.

அது என்ன அடுப்பு?

ஜப்பானில் அடுப்பைக் 'கமாடோ' என்பார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கே இருந்த அமெரிக்கச் சிப்பாய்கள், மூடி போட்ட மண் அடுப்புகளை ஊருக்குக் கொண்டுபோனார்கள். அதைப் பார்த்து, சூடு தாங்கும் செராமிக்கில் செய்து விற்க ஆரம்பித்தார்கள். அட்லாண்டாவில் 1974-இல் தொடங்கிய 'பிக் கிரீன் எக்' நிறுவனம்தான் இந்த முட்டை வடிவத்தைப் பிரபலமாக்கியது. இப்போது அதே மாதிரியில் விலை குறைந்த அடுப்புகள் பல பெயர்களில் வருகின்றன.

நமக்கு இந்தத் தத்துவம் புதிது இல்லை. வடநாட்டுத் தந்தூரி அடுப்பும் இதே வகைதான். நம் பாட்டிமார் கரி போட்டு வைத்த குமுட்டி அடுப்பும் இதற்குச் சொந்தம்தான். குமுட்டிக்கு மூடி இல்லை, இதற்கு மூடி இருக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால், எல்லா வேலையும் அந்த மூடியில்தான் நடக்கிறது.

கரி எரியக் காற்று வேண்டும். இந்த அடுப்பின் அடியில் ஒரு சின்னக் கதவு, மூடியின் உச்சியில் ஒரு துளை. கீழே காற்று நுழைந்து, கரியை எரித்து, மேலே வெளியேறும். இரண்டையும் குறைத்தால் கரி மெதுவாக எரியும். அடர்த்தியான சுவர் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு, நாலாபக்கமும் திருப்பிக் கொடுக்கும். சமையல் முடிந்ததும் இரண்டையும் அடைத்துவிட்டால் காற்றில்லாமல் கரி அணைந்துவிடும். மிச்சக் கரி மறுநாளைக்கு ஆகும். ஆக, கரி மிச்சமாவதற்குக் காரணம் மூன்று: கனமான சுவர், இறுக்கமான மூடி, அடைக்கக்கூடிய காற்றுவழி. இதில் ஒன்று குறைந்தாலும் அது வெறும் விலை உயர்ந்த கரிச்சட்டிதான்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

13 அங்குலம் என்றால் 33 சென்டிமீட்டர் விட்டம். பரப்பு சுமார் 850 சதுர சென்டிமீட்டர். ஒரு கிலோ கோழியை முதுகில் பிளந்து விரித்தால் 25-க்கு 30 சென்டிமீட்டர், அதாவது 750 சதுர சென்டிமீட்டர் இடம் பிடிக்கும். ஆக, ஒரு நேரத்தில் ஒரு கோழிதான். மூடி போட்டுப் பதமாக வேக 50 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் ஆகும். மாலை 5 மணிக்கு அடுப்பு மூட்டி இரவு 9.30 வரை நின்றால் நான்கு கோழி. வாடிக்கையாளர் வந்து 'எனக்கு அரைக் கோழி' என்று கேட்கும்போதெல்லாம் மூடியைத் திறந்தால் சூடும் போகும், கரி மிச்சமும் போகும்.

200 லிட்டர் பீப்பாயை நீளவாக்கில் வெட்டினால் சுமார் 88-க்கு 57 சென்டிமீட்டர். அதாவது 5,000 சதுர சென்டிமீட்டர். ஒரே நேரத்தில் ஆறு கோழி வைக்கலாம். ஆனால், கரி அதிகம் குடிக்கும். செராமிக் அடுப்புக்கு ஒரு மாலைக்கு 2 கிலோ (90 ரூபாய்), பீப்பாய்க்கு 6 கிலோ (270 ரூபாய்) என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள்.

* செராமிக் அடுப்பில் நான்கு கோழி விற்றால்: 480 - 90 = 390 ரூபாய். வாரத்துக்கு இரண்டு மாலை, 780 ரூபாய். போட்ட 16,000 திரும்ப 21 வாரம்.

* பீப்பாயில் அதே நான்கு கோழி விற்றால்: 480 - 270 = 210 ரூபாய். வாரத்துக்கு 420 ரூபாய். போட்ட 4,500 திரும்ப 11 வாரம்.

* பீப்பாயில் பத்துக் கோழி விற்றால்: 1,200 - 270 = 930 ரூபாய். வாரத்துக்கு 1,860 ரூபாய். மூன்றே வாரத்தில் பணம் திரும்பும்.

செராமிக் அடுப்பில் பத்துக் கோழி கேட்டு ஆள் வந்தாலும் கொடுக்க முடியாது. வியாபாரம் நன்றாக நடந்தால் அடுப்பு போதாது, நடக்காவிட்டால் அடுப்பு பாரம். இரண்டு பக்கமும் உங்களுக்கு நஷ்டம். கடைசிவரை ஒரு மாலைக்கு நான்கு கோழிதான் என்று வைத்துக்கொண்டாலும், மாலைக்கு 180 ரூபாய்க் கரி மிச்சத்தில், இரண்டு அடுப்புக்கும் உள்ள 11,500 ரூபாய் வித்தியாசம் ஈடாக 64 மாலை வேண்டும். அதாவது 32 வாரம். நடுவில் ஐப்பசி, கார்த்திகை மழை வரும். சாலையோரக் கடைக்கு அந்த மாதங்களில் பாதி மாலைகள் கிடையாது. இந்தக் கணக்கில் போக்குவரத்தில் உடைவது, விரிசல் விடுவது எதையும் நான் சேர்க்கவில்லை.

ஆகவே, முதலில் பீப்பாய் அடுப்பு. எட்டு வாரம் நடத்திப் பாருங்கள். தினம் எத்தனை விற்றது, எவ்வளவு கரி போனது, எவ்வளவு மிஞ்சியது என்று ஒரு நோட்டில் எழுதட்டும். அதற்குப் பிறகு முழுக்கோழி முன்பதிவு வருமானால், லாபப் பணத்தில் செராமிக் அடுப்பைப் பற்றி யோசிக்கலாம். விதைப் பணத்தில் வேண்டாம்.

பீப்பாய்க்கும் மண் பூசலாம்

மண்ணும் இரும்பும் சேர்ந்தால் இந்த இரண்டு அடுப்புக்கும் நடுவில் ஒரு வழி உண்டு. கென்யா நாட்டில் 1980-களில் பரவிய 'ஜிகோ' கரி அடுப்பு அப்படிப்பட்டது. தாய்லாந்தின் வாளி அடுப்பைப் பார்த்துச் செய்தது. வெளியே தகர உறை, உள்ளே சுட்ட மண். தகர வேலை தெரிந்தவர் உறையைச் செய்வார், குயவர் உள்மண்ணைச் செய்வார். வெறும் தகர அடுப்பைவிட நன்றாகவே கரி மிச்சமாவதால் ஆப்பிரிக்காவின் பல நாடுகளுக்கு அது போனது. உங்கள் ஊர்ப் பக்கத்திலும் பட்டறை இருக்கிறது, மண்பாண்டம் செய்பவர்கள் இருக்கிறார்கள்.

பீப்பாயின் ஒரு பாதி அடுப்பு, மறு பாதி கீல் வைத்த மூடி. அடியில் வரிசையாகத் துளை, அதை மூடித் திறக்க ஒரு தகட்டுப் பட்டை. மூடியில் ஒரு புகைத்துளை, அதற்கும் தகடு. இதைப் பட்டறையில் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். கீழ்ப் பாதியின் உள்ளே ஓர் அங்குல கனத்துக்கு மண் பூச வேண்டும். களிமண்ணோடு உமிச்சாம்பலும், பொடியாக நறுக்கிய வைக்கோலும் சேர்த்து மிதித்து, ஒரு நாள் ஊறவைத்து, இரண்டு மூன்று தடவையாகப் பூசுங்கள். களிமண் இரண்டு பங்கு, உமிச்சாம்பல் ஒரு பங்கு என்று தொடங்கி, உங்கள் மண்ணுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். நிழலில் ஒரு வாரம் காயட்டும். முதல் தீ சின்னத் தீயாக இருக்கட்டும். வெடிப்பு விட்டால் அதே மண்ணைக் குழைத்து அடைக்கலாம்.

பீப்பாய் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. தொழிற்சாலைப் பகுதியில் பழைய பீப்பாய் மலிவாகக் கிடைக்கும். ரசாயனம், பூச்சிமருந்து, பெயின்ட் இருந்த பீப்பாய் வேண்டவே வேண்டாம். எத்தனை முறை கழுவினாலும் உணவுக்கு ஆகாது. டீசல், தின்னர் இருந்த பீப்பாயை வெட்டும்போது உள்ளே தங்கிய ஆவி வெடித்து ஆள் சாகலாம். சமையல் எண்ணெய் வந்த பீப்பாயாகக் கேளுங்கள். அதையும் திறந்த வெளியில் ஒரு முறை நன்றாக எரித்து, உட்பூச்சையும் வெளிப்பெயின்டையும் போக்கிவிட்டுத்தான் மண் பூச வேண்டும். துத்தநாகம் பூசிய வாளி, தகடு, கம்பி வலை எதையும் தீப்படும் இடத்தில் வைக்க வேண்டாம். சூடேறினால் அந்தப் புகை நஞ்சு.

வீட்டுக்காகச் செராமிக் அடுப்பு வாங்குபவர்களுக்கு

கையில் உபரிப் பணம் இருந்து, வீட்டுக்கு வாங்குபவர்கள் இவற்றைப் பாருங்கள்.

1. எடையைக் கேளுங்கள். 13 அங்குல செராமிக் அடுப்பு இருபது, முப்பது கிலோ இருக்கும். பத்துப் பன்னிரண்டு கிலோ என்றால் அது இரும்புத் தகட்டின் மேல் பூச்சு கொடுத்தது. 'செராமிக் கோட்டிங்' என்ற வார்த்தையைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

2. பானை வாங்கும்போது தட்டிப் பார்க்கிறோமே, அதேபோலத் தட்டுங்கள். கணீரென்று ஒலிக்க வேண்டும். மந்தமாகக் கேட்டால் உள்ளே விரிசல்.

3. மூடிக்கும் உடலுக்கும் நடுவில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுங்கள். சுற்றிலும் நான்கைந்து இடத்தில் செய்து பாருங்கள். காகிதம் பிடித்துக்கொள்ள வேண்டும். வழுக்கி வந்தால் அங்கே காற்று நுழையும், கரி அணையாது.

4. கீழ்க் கதவும் மேல் துளையும் தடையில்லாமல் நகர்ந்து, முழுதாக அடைபட வேண்டும்.

5. உள்ளே கரி போடும் கிண்ணம்தான் முதலில் வெடிக்கும். அது தனியாகக் கழற்றும்படி இருக்கிறதா, மாற்றுப் பாகம் கிடைக்குமா என்று கேளுங்கள்.

6. தீயை மறைக்கும் வட்டத்தட்டு சேர்த்துத் தருகிறார்களா என்று பாருங்கள். விலை குறைந்த அடுப்புகளில் பலவற்றில் இது தனி விலை. இது இல்லாமல் முழுக்கோழி வேகாது, கருகும். பூச்சு இல்லாத தடித்த மண்தட்டு ஒன்றைக் குயவரிடம் அளவு சொல்லி வாங்கினாலும் போதும்.

7. ஆன்லைனில் வாங்கினால் பெட்டியைப் பிரிப்பதை முழுதாக வீடியோ எடுங்கள். உடைந்தால் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்பதை வாங்கும் முன்பே படியுங்கள். பொருள் எந்த நாட்டில் தயாரானது, குறை தீர்க்கும் அலுவலர் யார் என்பதை விற்பனைத் தளம் காட்டியாக வேண்டும். அது 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதி. தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

பழக்கும் முறை

புது அடுப்பில் ஈரம் இருக்கும். எடுத்தவுடன் பெருந்தீ போட்டால் விரிசல் விடும். முதல் மூன்று முறை அரைக் கிலோ கரி மட்டும் போட்டு, சிறு தீயில் ஒரு மணி நேரம் எரித்து, தானாக ஆறவிடுங்கள்.

மண்ணெண்ணெய், பெட்ரோல் ஊற்றிப் பற்றவைக்கக் கூடாது. உயிருக்கும் ஆபத்து, மண்சுவர் அந்த வாடையை உறிஞ்சிக்கொண்டு பல நாள் கறியில் காட்டும். தேங்காய் நாரும் நான்கு சுள்ளியும் போதும். தண்ணீர் ஊற்றி அணைக்கவும் கூடாது. சுட்ட மண்ணில் குளிர்ந்த நீர் பட்டால் வெடிக்கும்.

சூட்டை ஏற்றுவது சுலபம், இறக்குவது கடினம். வேண்டிய சூட்டுக்குக் கொஞ்சம் முன்பே காற்றைக் குறைத்துவிடுங்கள். கம்பிக்கு நான்கு அங்குலம் மேலே உள்ளங்கையை நீட்டிப் பாருங்கள். இரண்டு, மூன்று எண்ணுவதற்குள் கையை எடுத்தால் பெருஞ்சூடு. ஐந்து, ஆறு எண்ண முடிந்தால் நடுத்தரம். கோழிக்கு நடுத்தரம்தான் வேண்டும்.

காற்றைக் குறைத்து வெகுநேரம் எரிந்த அடுப்பின் மூடியைச் சட்டென்று திறக்காதீர்கள். காற்றுக்கு ஏங்கிய தீ, ஒரே வீச்சில் முகத்துக்கு வரும். இரண்டு அங்குலம் தூக்கி, சில நொடி நிறுத்தி, பிறகு திறக்க வேண்டும்.

கோழி சுடும் பக்குவம்

ஒரு கிலோ கோழிக்கு: உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி, இஞ்சி பூண்டு விழுது இரண்டு மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள் ஒரு மேசைக்கரண்டி, மல்லித்தூள் ஒரு மேசைக்கரண்டி, மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி, மிளகுத்தூள் ஒரு தேக்கரண்டி, கெட்டித் தயிர் அரை டம்ளர், எலுமிச்சம்பழம் ஒன்று, கடலை எண்ணெய் இரண்டு கரண்டி. கோழியை முதுகில் பிளந்து விரித்து, தொடையில் இரண்டு கீறல் போட்டு, மசாலா தடவி, நான்கு மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் ஊறவையுங்கள். கடை போடுபவர்கள் ஐஸ் பெட்டியில்தான் கொண்டுபோக வேண்டும். வெயிலில் வைத்தால் கெடும்.

வட்டத்தட்டை வைத்து, எலும்புப் பக்கம் கீழே இருக்கும்படி கோழியைப் பரப்பி, மூடி போட்டு 45 நிமிடம். நடுவில் ஒரு முறை எண்ணெய் தடவினால் போதும். அடிக்கடி திறக்க வேண்டாம். கடைசி ஐந்து நிமிடம் தட்டை இடுக்கியால் எடுத்துவிட்டு, தோல் பக்கம் நேர்த்தணலில் சிவக்கட்டும். பீப்பாயில் சுடும்போது கரியை ஒரு பக்கம் ஒதுக்கி, கோழியை மறுபக்கம் வைத்தால் இதே பக்குவம் வரும்.

தொடையின் கனத்த பாகம் 74 டிகிரி செல்சியஸ் சூடு அடைந்தால்தான் கோழி வெந்தது என்று பொருள். உணவில் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் சில நூறு ரூபாய்தான். விற்பனை செய்பவர் கட்டாயம் ஒன்று வைத்திருக்க வேண்டும். நிறத்தைப் பார்த்து முடிவு செய்தால் வெளியே கருகி உள்ளே பச்சையாக இருக்கும். பச்சைக்கோழி வைத்த தட்டில் வெந்த கோழியை வைக்கக் கூடாது. கருகிய பாகத்தை வெட்டி எறிந்துவிடுங்கள்.

உங்கள் நாட்டுக்கோழியைப் பற்றி: முட்டையிடும் பெட்டைகளைத் தொட வேண்டாம். முதிர்ந்த கோழி தணலில் ரப்பராகிவிடும், அது குழம்புக்குத்தான். நான்கைந்து மாத விடைக்கோழி சுடலாம். அதையும் மசாலா தடவி இட்லிப் பானையில் 20 நிமிடம் ஆவியில் வேகவைத்து, பிறகு அரை மணி நேரம் சுட்டால் மெதுவாக வரும். விலை வேறு என்பதால் முன்பதிவுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, அன்றாடம் பிராய்லரில் நடத்துங்கள்.

கடை தொடங்கும் முன் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும்.  அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு வாளி மணல் எப்போதும் இருக்கட்டும்.

''எந்தக் கரி நல்லது?''

- வாசகர், மானாம்பதி.

நம் சந்தையில் பெரும்பாலும் கிடைப்பது சீமைக் கருவேலங்கரி. ராமநாதபுரம், விருதுநகர், சிவகங்கைப் பக்கம் மூட்டம் போட்டு எடுப்பது. நல்ல சூடு, நீடித்த தணல், விலையும் கட்டுப்படியாகும். சவுக்குக் கரியும் நல்லது. தேங்காய் ஓட்டுக் கரி சூடு அதிகம், ஆனால் சின்னத் துண்டாக இருந்தால் காற்றை அடைத்துக்கொள்ளும். மரக்கரியோடு கலந்து போடலாம். எதை வாங்கினாலும் இரண்டு துண்டைத் தட்டிப் பாருங்கள். கண்ணாடி போலக் கலகலவென்று ஒலித்தால் நன்றாக வெந்த கரி. பழுப்பு நிறத்தில், மரம் போலச் சத்தம் வந்தால் அரைவேக்காடு; புகை வரும். மூட்டையின் அடியில் தூள் எவ்வளவு, ஈரம் உண்டா என்று கைவிட்டுப் பாருங்கள். நனைந்த கரிக்குக் காசு கொடுத்தால் தண்ணீருக்குக் காசு கொடுத்த மாதிரி. பெயின்ட் அடித்த மரம், பிளைவுட் துண்டு எதையும் சேர்க்கக் கூடாது.

''மழை நாளில் அடுப்பைக் கூடத்தில் வைத்துச் சமைக்கலாமா? கரியில் புகையே வருவதில்லையே?''

- வாசகி, திருப்புலிவனம்.

கூடாது, அம்மா. புகை வராததுதான் இதில் ஆபத்து. விறகு அடுப்பு கண்ணை எரித்து நம்மை வெளியே விரட்டிவிடும். கரித்தணல் அப்படிச் செய்யாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் பலமாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு கிறுகிறுப்பு, குமட்டல், தூக்கம். பலர் அந்தத் தூக்கத்திலிருந்து எழுந்திருப்பதில்லை. 2024-இல் கொடைக்கானலில் பார்பிக்யூ அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கிய சுற்றுலாப் பயணிகள் இருவர் இப்படித்தான் உயிரிழந்தார்கள்.

செராமிக் அடுப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. காற்றைக் குறைத்து எரிக்கும்போது இந்த வாயு அதிகமாகும். அடைத்து வைத்த பிறகும் தணல் முழுதாக அணைய நேரமாகும். 'அணைந்துவிட்டது' என்று உள்ளே தூக்கி வைத்துவிட்டுப் படுக்கக் கூடாது. மார்கழிப் பனிக்குக் குளிர்காயவும், பிரசவித்த பெண்ணின் அறைக்குச் சூடேற்றவும், ஒரு சட்டித் தணலைக்கூட மூடிய அறையில் வைக்காதீர்கள். திறந்த தாழ்வாரம், தோட்டம், நான்கு பக்கமும் திறந்த கொட்டகை, இவைதான் இடம். மழை பெய்தால் அன்று கேஸ் அடுப்பில் குழம்பு வைத்துக்கொள்ளலாம்.

யாருக்காவது இப்படி மயக்கம் வந்தால் முதலில் காற்றோட்டத்துக்குத் தூக்கி வாருங்கள். உடனே 108-ஐ அழையுங்கள். கரி எரிந்தது என்பதை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள்.

''நாங்கள் சைவம். இந்த அடுப்பில் எங்களுக்கு ஏதாவது உண்டா?''

- வாசகர், சாலவாக்கம்.

நிறையவே உண்டு. பெரிய கத்தரிக்காயை எண்ணெய் தடவி, குச்சியால் நான்கு குத்துக் குத்தி, நேர்த்தணலில் திருப்பித் திருப்பி 20 நிமிடம் சுட்டு, தோலை உரித்துப் பச்சைமிளகாய், சின்ன வெங்காயம், புளி சேர்த்துப் பிசைந்தால் கொத்சு. சர்க்கரைவள்ளிக்கிழங்கைக் கழுவி ஈரத்தோடு தட்டின் மேல் வைத்து மூடினால் முக்கால் மணி நேரத்தில் வெந்துவிடும். தை மாதப் பனங்கிழங்கும் அப்படியே. மக்காச்சோளக் கதிரைத் தோலோடு தண்ணீரில் பத்து நிமிடம் போட்டெடுத்துச் சுட்டால் உள்ளே ஆவியில் வேகும். அறுவடை நேரத்துப் பச்சை வேர்க்கடலையை ஓட்டை போட்ட இரும்புச் சட்டியில் கொட்டிக் கிளறலாம். சமையல் முடிந்து அடைக்கும் முன், மிச்சச் சூட்டில் நான்கு தக்காளியும் ஒரு பூண்டும் சுட்டெடுத்தால் மறுநாள் சட்னிக்கு ஆகும்.

ஆனால், இவை எல்லாமே மண் பூசிய பீப்பாயிலும், பழைய குமுட்டி அடுப்பிலும் நன்றாகவே வரும். பரணில் குமுட்டி இருந்தால் முதலில் அதை இறக்கித் துடையுங்கள். ஒரு மாதம் கரியில் சமைத்துப் பழகிய பிறகும், மூடி போட்ட அடுப்பு வேண்டும் என்று தோன்றினால் அப்போது விலை கேட்கலாம்.

உத்திரமேரூர் வாசகியின் மகன் எட்டு வாரக் கணக்கை எழுதி அனுப்பினால், அதையும் இந்தப் பகுதியில் வெளியிடுவோம். இதே யோசனையில் இருக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் உதவும்.